திருப்பதி தரிசன டிக்கெட்: குக்கீஸ் முதல் ஆதார் வரை, நீங்கள் கொடுக்கும் தகவல்கள் என்னென்ன?

மாதத்தில் ஒரு நாள், காலை 10 மணி. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுக்காக சித்தூரிலோ வேலூரிலோ சென்னையிலோ செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். வரிசை நகர்ந்ததும் அம்மாவின் வயது, தங்கையின் ஆதார் எண் என்று வேகவேகமாகத் தட்டுவீர்கள். அந்த அவசரத்தில் தனியுரிமைக் கொள்கையை யார் படிக்கப் போகிறார்கள்?

சரி, இப்போது ஆற அமரப் பார்ப்போம்.

குக்கீஸ் என்றால் என்ன?

ஓர் இணையதளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்புதான் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி இதை உருவாக்கினார். காரணம், இணையதளத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. அடுத்த பக்கத்துக்குப் போனால் நீங்கள் யார் என்றே அதற்குத் தெரியாது. கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருவார்களே, அதுபோலத்தான் இதுவும். லாகின் நிலைத்திருக்க இது தேவை.

சிக்கல் வேறு வகை குக்கீஸில்தான். விளம்பர நிறுவனங்கள் வைக்கும் குக்கீஸ், நீங்கள் போகும் தளங்களுக்கெல்லாம் பின்னாலேயே வரும். ஐரோப்பாவில் இவற்றுக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘குக்கீ’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும், அதை வைத்து உங்களை அடையாளம் காண முடிந்தால் அதுவும் தனிநபர் தரவுதான்.

அதைவிட முக்கியமான தகவல் எது?

குக்கீஸை நீங்களே அழித்துவிடலாம். படிவத்தில் நிரப்பியதை அப்படி அழிக்க முடியாது. பெயர், வயது, பாலினம், செல்போன் எண், அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருக்கும். அதுவும் ஒருவரே குடும்பம் முழுவதற்கும் கொடுக்கிறார்.

2023 மார்ச் 1 முதல் வைகுண்டம்-2 வளாகத்திலும் அறை ஒதுக்கீட்டிலும் முக அடையாளத் தொழில்நுட்பத்தைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் சோதனை முறையில் கொண்டுவந்தது. ஒரே ஆள் பல டோக்கன் வாங்குவதையும் இடைத்தரகர்களையும் தடுப்பதுதான் நோக்கம். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியுமா?

போலித் தளங்கள்

2023 ஏப்ரலில் 41-வது போலி இணையதளத்தின் மீது தேவஸ்தானம் புகார் கொடுத்து, திருமலையில் வழக்குப் பதிவானது. அசல் முகவரியில் புள்ளி இருக்கும் இடத்தில் போலியில் சிறு கோடு. 2024 ஜனவரியில் அசல் தளத்தின் முகவரியும் ‘டிடிதேவஸ்தானம்ஸ்.ஏபி.கவ்.இன்’ என்று மாறியது. போலித் தளத்தில் பணத்தோடு உங்கள் ஆதார் எண்ணும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அப்போது கொடுத்த கெடு 18 மாதங்கள், அதாவது 2027 மே.

அதன்படி, எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறார்கள் என்று எளிய மொழியில் சொல்ல வேண்டும். அதைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். தவறைத் திருத்தவும், தேவை முடிந்த தகவலை நீக்கவும் கோரலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அரசு அமைப்புகள் மானியம், சேவை, சான்றிதழ் வழங்கும்போது சம்மத விதியில் சில சலுகைகள் உண்டு. ஆனால் தகவலைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு அப்போதும் அவர்களுடையதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• கூகுளில் முதலில் வரும் லிங்க்கை நம்பாதீர்கள். முகவரி ‘.ஏபி.கவ்.இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் வந்தால் போதாது, முடிவில் இருக்க வேண்டும்.

• பிரவுசிங் சென்டரில் புக் செய்தால், லாக் அவுட் செய்யுங்கள். டவுன்லோடு ஆன டிக்கெட், ஆதார் ஃபைல்களை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

• ‘டிக்கெட் எடுத்துத் தரேன்’ என்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் படம் அனுப்பாதீர்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

• மற்றவருக்காக நிரப்பும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது அவருடைய தகவல்.