பைல்மர்மேர்: திட்டத்துக்குப் புறம்பானோரின் நகர்

குடியேறியோர் பெருவாரியாக வாழும் நகர்ப்புறக் குடியிருப்பொன்று சீர்குலையும்போது, அச்சீர்குலைவுக்கு அங்கு வாழ்வோரையே காரணமாகக் காட்டுவது ஐரோப்பிய நாடுகளிலே வழக்கமாகிவிட்டது. ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரைச் சார்ந்த பைல்மர்மேர் இவ்வகையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதாகும். ஆயின், நிகழ்ச்சிகளைக் கால ஒழுங்கில் வைத்து நோக்குவோமாயின் இக்கூற்று நிலைபெறாது.

1966இல் மாநகரோடு இணைக்கப்பட்ட இத்தாழ்நிலத்தில் அதே ஆண்டின் இறுதியிற் கட்டட வேலை ஆரம்பமாயிற்று. வதிவிடம், தொழில், போக்குவரத்து ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துவைக்கும், 1930களின் நவீன கட்டடக்கலைக் கோட்பாடே இதற்கு அடிப்படை. தேன்கூட்டின் அறைகளைப் போல வளைந்து செல்லும் நெடிய தொடர்மாடிகள், இடையே பரந்த புல்வெளிகள், நிலமட்டத்தில் நடப்போர், உயர்த்தப்பட்ட வீதிகளில் வாகனங்கள் என யாவும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டன. பழைய நகரின் நெரிசலினின்றும் வெளிவரும் ஒல்லாந்த நடுத்தரக் குடும்பமே திட்டமிட்டோரின் மனத்தில் இருந்தது. அக்குடும்பமோ வரவில்லை. 1968இல் முதற்குடிகள் குடிபுகுந்தபோது கடைகளும் இல்லை. நகரோடு இணைக்கும் சுரங்க இரயில் 1977இலேயே வந்து சேர்ந்தது. செலவைக் குறைப்பதற்காக மின்தூக்கிகளும் பொது இடங்களும் குறைக்கப்பட்டிருந்தன, வாடகையோ உயர்வு. இதே காலத்தில் அயலூர்களிலே தோட்டத்துடன் கூடிய தனிவீடுகள் எழுந்தன. கொங்கிறீற் மாடியையும் தோட்டவீட்டையும் ஒப்பிட்ட ஒருவர் எதனைத் தெரிவுசெய்வார் என்பதை அறியப் பேராய்வு வேண்டியதில்லை.

சுரினாமியர் வருமுன்னரே வீடுகள் வெறுமையாகக் கிடந்தன என்பதே இங்கு முதன்மையானது. 1975 நவம்பர் 25இல் சுரினாம் சுதந்திரமடைந்தது. அதுவரை அந்நாட்டவர் ஒல்லாந்துப் பிரசைகளாதலின், நான்கு இலட்சத்துக்குக் குறைந்த சனத்தொகை கொண்ட அந்நாட்டிலிருந்து அவ்வாண்டில் மட்டும் ஏறக்குறைய 40,000 பேர் வந்தனர். (1873 முதல் அங்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற வட இந்தியரின் வழித்தோன்றல்கள் பெருமளவில் ஹேக் நகரை நாடினர், பைல்மர்மேருக்கு வந்தோருட் பெரும்பாலோர் ஆபிரிக்க வழியினர்.) வீடுகள் காலியாயிருந்தும் சுரினாமியருக்கு அவற்றை ஒதுக்குவதற்கு எல்லை விதிக்கப்பட்டது. கொள்ளை வாடகை பெறும் விடுதிகளில் நெருக்குண்டு வாழ்ந்த குடும்பங்கள் 1974இலே கிளிப்ஹூவ என்னும் மாடித்தொடரில் அனுமதியின்றிக் குடிபுகுந்தன. சட்டத்தின் கண்ணில் இஃது அத்துமீறல். எனினும், பூட்டிய வீட்டுக்கும் வீடற்ற குடிக்கும் இடையே நின்ற விதியையே நாம் முதலில் வினவுதல் தகும்.

பின்னர் அந்தில்லீசுத் தீவினரும் கானா நாட்டவரும் வந்து சேர்ந்தனர். பயன்படாதிருந்த வாகனத் தரிப்பிடங்கள் கானாக் கிறிஸ்தவரின் தேவாலயங்களாயின. 1975இல் உதைபந்தாட்டப் போட்டியாகத் தொடங்கிய குவாகு, பெருவிழாவாக வளர்ந்தது. திட்டப்படத்தில் இவற்றுள் எதற்கும் இடமிருக்கவில்லை. போதைப்பொருளும் களவும் மலிந்தமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் செய்தித்தாள்கள் தேவாலயங்களைக் காட்டிலும் அவற்றையே விரிவாக எழுதின.

1992 அக்டோபர் 4 மாலை, எல் அல் நிறுவனத்தின் சரக்கு விமானமொன்று இரு மாடித்தொடர்கள் சந்திக்கும் மூலையில் வீழ்ந்தது. இறந்தோர் 43 பேரெனப் பின்னர் உறுதியாயிற்று. தொடக்கத்தில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டிருப்பரென அஞ்சப்பட்டது. பதிவின்றி வாழ்ந்தோர் எத்தனைபேர் என்பதை அரசே அறிந்திராமை இம்மயக்கத்துக்கு ஒரு காரணம். அங்கு வாழ்ந்தமையை நிறுவக்கூடிய பதிவற்றோருக்கு வதிவுரிமை வழங்க அரசு முன்வந்தது. பல்லாண்டுகளாக அங்கே உழைத்தவர்கள், வீடு எரிந்த பின்னரே ஏட்டில் இடம்பெற்றனர்.

தொடர்ந்த புனரமைப்பில் உயர்மாடிகளிற் பெரும்பகுதி இடிக்கப்பட்டுத் தாழ்ந்த வீடுகள் கட்டப்பட்டன. 1996இல் கறுப்பினத்தவர் தமக்கென ஒரு பேரவையை அமைத்து, தம் குடியிருப்பைப் பற்றிய முடிவுகளை வெள்ளையரே எடுப்பதைக் கண்டித்தனர். திட்டமிடுவோருக்கும் வாழ்வோருக்கும் இடையில் 1966 முதல் நிலவிய தூரம் அப்போதுதான் வெளிப்படையாகப் பேசப்பட்டது. இடிபடவிருந்த கிளைபர்க் என்ற மாடித்தொடர் ஒரு யூரோ விலைக்குக் கைமாறியது. வெளிக்கூடு சீர்செய்யப்பட்டு, உள்வீட்டை அமைக்கும் பொறுப்பு வாங்குவோரிடமே விடப்பட்டது. 2017இல் அதற்கு ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் றோ கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. அவ்வீடுகள் வாடகைக்கன்றி விற்பனைக்கே விடப்பட்டன என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.