வரைபடம் கீறிய லெப்டினன்ட்: அம்புரோஸ் பியர்ஸின் போரும் பேனாவும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குக் கணக்கில்லை. போர் முடிந்த பின்னர் தளபதிகள் பலரும் நினைவுக் குறிப்புகளை எழுதினார்கள். அவற்றில் கணிசமானவை தங்களது தவறுகளை மறைப்பதற்கும் மற்றவர்களின் தவறுகளை உலகுக்கு அறிவிப்பதற்கும் எழுதப்பட்டவை என்றே சொல்லவேண்டும். அதே போரில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் தப்பி, பின்னர் நாற்பது வருடங்கள் பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்த ஒருவர், தளபதிகள் எழுத மறந்தவற்றை எழுதினார். அவர்தான் அம்புரோஸ் பியர்ஸ்.

1842 ஜூன் 24ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, அயல் மாநிலமான இண்டியானாவில் வளர்ந்தவர் அவர். பதின்மூன்று பிள்ளைகளில் பத்தாவது பிள்ளை. தந்தையார் வசதியற்ற விவசாயி. ஆனால், வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவிருக்கவில்லை. பிள்ளைகள் அனைவருக்கும் 'அ' என்ற ஒலியில் தொடங்கும் பெயர்களையே அவர் சூட்டினார் என்பது ஒரு வேடிக்கை. பதினைந்து வயதளவில் அடிமை முறையை எதிர்த்த ஒரு சிறிய பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எடுபிடிப் பையனாக பியர்ஸ் சேர்ந்தார். பல்கலைக்கழக வாசலை அவர் மிதித்ததில்லை. அச்சுக்கூட மையில் கைகளைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்த மூத்தவர்களுடன் பழகியவர்களுக்கு, ஓர் எழுத்துப் பிழையைக் கூடப் பொறுக்காத அவர்களின் சுபாவம் தெரிந்திருக்கும். பியர்ஸும் அந்த வார்ப்புத்தான்.

1861 ஏப்ரலில் போர் மூண்டதும் ஜனாதிபதி லிங்கனின் அழைப்பை ஏற்று இண்டியானாவின் 9ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 18 வயது. மறுவருடம் ஏப்ரல் 6, 7ஆம் திகதிகளில் டெனசி மாநிலத்தில் ஷைலோ சமர் நடைபெற்றது. இரண்டே நாட்களில் இரு தரப்பிலும் 23,000க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டும் காயமடைந்தும் காணாமல்போயும் இருந்தார்கள். அதுவரை அமெரிக்க மண் அத்தகைய இழப்பைக் கண்டதில்லை. காட்டில் பற்றிய தீயில் அகப்பட்டு, நகர முடியாமல் கிடந்த காயக்காரர்கள் கருகிப்போன காட்சியை அந்த இளைஞர் நேரில் கண்டார். அதைப் பற்றி எழுதுவதற்கு அவருக்கு ஏறத்தாழ இருபது வருடங்கள் தேவைப்பட்டன.

1863இல் ஜெனரல் வில்லியம் ஹேசனின் அலுவலர் குழாமில் நிலவரைபடப் பொறியியலாளராக அவர் நியமிக்கப்பட்டார். படைகள் நகர்வதற்கு முன்னர் குதிரையில் தன்னந்தனியாகச் சென்று, பாதை எங்கே திரும்புகிறது, ஆற்றை எங்கே கடக்கலாம், காடு எவ்வளவு அடர்த்தி என்பவற்றை வரைந்துவருவதே அவரது வேலை. கோடு ஓரங்குலம் பிசகினாலும் மனிதர்கள் சாவார்கள். பின்னாளில் அவர் எழுதிய போர்க் கதைகளில் பாலம், பள்ளத்தாக்கு, பாறை முகடு எல்லாம் அளந்து வைத்தாற்போல இருப்பதற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1864 மே 27ஆம் திகதி ஜோர்ஜியாவில் பிக்கெட்ஸ் மில் என்ற இடத்தில் ஹேசனின் படையணி உதவிப்படை எதுவுமின்றித் தனியாகத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது. அன்று வடதரப்பு இழந்தது சுமார் 1,600 பேர். அந்த அணிகளின் பிரதம தளபதியாக இருந்த ஷேர்மன் 1875இல் வெளியிட்ட தனது நினைவுக் குறிப்புகளில் அந்தச் சமரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஹேசன் 1887இல் காலமானார். அடுத்த வருடம், அதே மே 27ஆம் திகதி, பியர்ஸ் அதைப் பற்றி எழுதினார். தலைப்பிலேயே அதை ஒரு 'குற்றம்' என்று அழைத்தார். அந்தத் தாக்குதலுக்குக் காரணமாயிருந்த ஜெனரல் ஹவார்ட் அப்போது உயிரோடு இருந்தார். பியர்ஸ் வெற்றிபெற்ற தரப்பின் சிப்பாய் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். தோற்றவர்களின் தவறுகளை எழுதுவது இலகுவான காரியம்.

பிக்கெட்ஸ் மில் சமர் நடந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, கெனசோ மலையில் அவரது தலையில் குண்டு பாய்ந்தது. சில மாதங்களில் பணிக்குத் திரும்பினார் என்றாலும் 1865 ஜனவரியில் இராணுவத்தை விட்டு விலகினார். 1866இல் ஹேசனுடன் மேற்குச் சமவெளிகளைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவை அடைந்தபோது, எதிர்பார்த்த கப்டன் பதவிக்குப் பதிலாக இரண்டாம் லெப்டினன்ட் பதவியே காத்திருந்தது. அதை நிராகரித்துவிட்டு நாணயசாலையில் காவல் வேலை பார்த்தபடி எழுதக் கற்றுக்கொண்டார். 1868இல் ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியரானார். இடையில் லண்டனில் சில வருடங்கள்; பிறகு மீண்டும் சான் பிரான்சிஸ்கோ.

1887இல் இளைஞர் ஒருவர் அவரது கதவைத் தட்டி, தான் 'எக்ஸாமினர்' பத்திரிகையிலிருந்து வருவதாகக் கூறினார். ஹேர்ஸ்ட் அனுப்பினாரா என்று பியர்ஸ் வினவியபோது, வந்தவர் தானே ஹேர்ஸ்ட் என்று மெல்லிய குரலில் சொன்னாராம். அந்த வில்லியம் ராண்டால்ஃப் ஹேர்ஸ்ட் 1896இல் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பினார். அரசாங்கத்திடம் பெற்ற பெருங்கடனைத் திருப்பிச் செலுத்துவதைப் பல தசாப்தங்களுக்குத் தள்ளிப்போட ரயில்பாதை அதிபர் கொலிஸ் ஹன்டிங்டன் முயன்றுகொண்டிருந்தார். பியர்ஸின் விலை என்னவென்று அவர் பலர் முன்னிலையில் கேட்டதாகவும், 13 கோடி டொலர், அதுவும் அரசாங்கத் திறைசேரிக்கு என்று பியர்ஸ் பதிலளித்ததாகவும் சொல்லப்படுகிறது. சட்டமூலம் தோல்வி கண்டது.

அதே பேனா தவறியதும் உண்டு. கென்டக்கி ஆளுநர் கோபெல் 1900இல் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அந்தக் குண்டு ஜனாதிபதி மக்கின்லியை நோக்கிப் பறந்துகொண்டிருக்கிறது என்ற பொருளில் நான்கு வரிகள் எழுதினார். எச்சரிக்கையாகவே எழுதியதாகப் பின்னர் விளக்கமளித்தார். ஆனால், 1901 செப்டெம்பரில் மக்கின்லி உண்மையிலேயே சுடப்பட்டு இறந்தபோது விளக்கத்தைக் கேட்க எவரும் தயாராக இருக்கவில்லை. ஹேர்ஸ்டின் எதிரிகள் அவ்வரிகளைத் தேடியெடுத்து மறுபிரசுரம் செய்தார்கள். ஹேர்ஸ்ட் ஒருபோதும் அது குறித்துத் தன்னிடம் முறையிட்டதில்லை என்பதை, முதலாளியைக் கடைசிவரை விமர்சித்துவந்த பியர்ஸே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குடும்ப வாழ்வு சிதைந்தது. ஒரு மகன் 1889இல் காதல் தகராறில் துப்பாக்கிக்குப் பலியானார். மற்றவர் 1901இல் நிமோனியாவால் இறந்தார். மனைவியும் 1905இல் மறைந்தார். சாத்தானின் அகராதி என்ற பெயரில் 1911இல் வெளிவந்த, இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படும் அந்த நையாண்டி நூலின் கசப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் திகதிகளையும் பார்க்கவேண்டும்.

1913 ஒக்டோபரில், 71ஆவது வயதில், வாஷிங்டனிலிருந்து புறப்பட்டார். முதலில் தான் இளைஞனாகச் சண்டையிட்ட களங்களை ஒவ்வொன்றாகச் சென்று பார்த்தார். ஷைலோவுக்கும் போனார். பிறகு டெக்சாஸ் ஊடாக, புரட்சி நடந்துகொண்டிருந்த மெக்சிக்கோவுக்குள் நுழைந்தார். டிசம்பர் 26ஆம் திகதியிட்ட கடிதமே கடைசி. மகள் ஹெலனின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்க அதிகாரிகள் விசாரித்தார்கள். பஞ்சோ வில்லாவின் படைகளோடு சேர்ந்து மடிந்தார் என்றும், சுட்டுக்கொல்லப்பட்டார் என்றும், மெக்சிக்கோவுக்குள் வெகுதூரம் போகவேயில்லை என்றும் பல கதைகள் எழுந்தன. உடலோ, கல்லறையோ இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.