ஆலைச் சங்கும் அஞ்சல் பாடமும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இரவு பத்து மணிக்கு நின்று பார்ப்பவர் ஒரு காட்சியைக் காண்பர். ஒரு ஷிப்டு முடிந்து தொழிலாளர் வெளியே வருவர். மற்றொரு கூட்டம் ஆலைக்குள் நுழையும். பேருந்துகள் வரிசையாக நிற்கும். அப்பேருந்துகளில் அமர்ந்திருக்கும் இளைஞர்களுள் சிலர் கைப்பேசியில் பாடம் கேட்டுக்கொண்டிருப்பர். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு என் இளமைக்காலம் நினைவுக்கு வருகிறது.

நான் இவ்வூருக்கு வேலைக்கு வந்தது 1980-களின் தொடக்கத்தில். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் ஓசூர் ஒரு சிறிய எல்லையூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ஊர். மூதறிஞர் இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இதற்கு அண்மையில் உள்ளது. 1971-ல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டை அமைத்ததும் ஊரின் முகமே மாறியது. மொபெட், லாரி, கைக்கடிகாரம் எனப் பல பொருள்கள் இங்கு உருவாயின. கடிகாரம் செய்யும் ஊரிலே தொழிலாளிக்கு மிக அரிய பொருள் நேரம்தான் என்பதை நான் விரைவில் உணர்ந்தேன்.

பட்டம் பெற வேண்டுமென்ற ஆசை எனக்கு இருந்தது. பகலில் நடக்கும் கல்லூரிக்குச் செல்ல வழியில்லை. எனவே அஞ்சல்வழிக் கல்வியில் சேர்ந்தேன்.

இக்கல்விமுறைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அவ்வாண்டிலேயே ஐசக் பிட்மன் என்பார் தம் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். மாணவர் பயிற்சியை எழுதித் திருப்பி அனுப்புவர். அவர் அதைத் திருத்தி மீண்டும் அனுப்புவார். 1858-ல் இலண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளில் பயிலாதவரும் தேர்வு எழுதிப் பட்டம் பெற வழி திறந்தது. நம் நாட்டில் 1962-ல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுரையும், 1979-ல் அண்ணாமலையும், 1981-ல் சென்னையும் இவ்வழியில் வந்தன. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சட்டத்தால் நிறுவப்பட்டன.

நான் சேர்ந்த நிறுவனத்தின் பெயரை இங்குக் கூற வேண்டியதில்லை. முதலாண்டில் ஒரு பாடத்தின் பொட்டலம் தேர்வு முடிந்த பின்னரே என் கைக்கு வந்தது. அத்தாளில் நான் தவறினேன். புத்தகத்தை மூடிவிடலாம் என்றே எண்ணினேன். என்னைக் காத்தவர் பக்கத்துத் தெருவில் வாழ்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். ஞாயிறுதோறும் நான் எழுதிச் செல்லும் விடைகளைச் சிவப்பு மையால் திருத்துவார். எங்கள் ஆலையிலிருந்து மேலும் இருவர் சேர்ந்தனர். அந்தத் திண்ணை வகுப்பே எனக்குப் பட்டத்தைத் தந்தது.

இதை ஏன் கூறுகிறேன்? இன்று பொட்டலம் தாமதமாகும் கவலை பெரிதும் நீங்கிவிட்டது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், உயர்ந்த பொறியியல் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கச் செய்தது. 2014 முதல் அது தேர்வு நடத்திச் சான்றிதழும் தருகிறது. 2017-ல் ‘ஸ்வயம்’ என்னும் தேசிய மேடை வந்தது. 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஆலைப் பேருந்தில் அமர்ந்திருப்பவன் ஐ.ஐ.டி. ஆசிரியரின் குரலைக் கேட்கிறான். நாங்கள் கனவிலும் காணாத வாய்ப்பு இது.

ஆயினும் மற்றொரு செய்தியையும் நீங்கள் அறிய வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆசிரியர் இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லார்க்கும் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். முடித்தவர் ஏறக்குறைய 23,000 பேரே. ஏழில் ஒருவர் மட்டும் கரையேறினார் என்று சொல்லலாம். பாடம் வீடு தேடி வந்துவிட்டது. ஆனால் அதனுடன் உழைக்கும் மனிதனுக்கு ஓய்ந்த மனம் வரவில்லை. எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன் நின்றவனுக்குக் கண் இமை கனக்கிறது. வாரந்தோறும் ஷிப்டு மாறுவதால் படிக்கும் வேளையும் மாறுகிறது. பாடம் ஆங்கிலத்தில் இருப்பின் பாரம் இரட்டிப்பாகிறது.

வரலாறு இங்கே ஒரு விடை தருகிறது. பிட்மன் பாடத்தை அனுப்பியதோடு நிற்கவில்லை. விடையைத் திருத்தித் திருப்பினார் என்பதை மறவாதீர்கள். 1971-ல் பாடம் நடத்தத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வானொலியையும் தொலைக்காட்சியையும் துணைக்கொண்டபோதும், மாணவரைக் கவனிக்கத் தனி ஆசிரியரை அமர்த்தியது. இன்றைய நல்ல இணையப் பாடங்களும் வாரந்தோறும் ஒப்படைப்புக் கேட்கின்றன. குறித்த நாளில் தேர்வுக்கூடத்திற்கு வரச் சொல்கின்றன. கருவி மாறினும், திருத்தும் கையும் நாள் குறிக்கும் கட்டுப்பாடும் மாறவில்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் ஓர் அண்ணனோ அக்காளோ ஆலைக்குச் சென்றுகொண்டே படிக்கக்கூடும். நாளை நீங்களும் அவ்வாறு படிக்க நேரலாம். ஒரே வேளையில் பல பாடங்களில் பதியாதீர்கள். ஒன்றை எடுத்து முடியுங்கள். உடன் படிக்க இருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கேட்டதை எழுதிப் பாருங்கள். எழுதியதை மற்றொருவரிடம் காட்டுங்கள். ஆலை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: தேர்வு நாளுக்கு முந்திய இரவில் படிக்கும் தொழிலாளிக்கு இரவு ஷிப்டு வையாதீர்கள். இந்தச் சிறு உதவியால் ஒரு பட்டம் உருவாகும்.

சென்ற ஞாயிறன்று, ஆலையில் பணிபுரியும் ஓர் இளம்பெண் தன் நோட்டுப் புத்தகத்துடன் என் வீட்டுக்கு வந்தாள். கைப்பேசியில் கேட்ட பாடத்தைத் தன் கையால் தமிழில் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மைப் பேனாவைத் தேடி எடுத்தேன்.