தண்ணீர் படும் முன்

எங்கள் தாத்தா மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வாலிபத்தில் சில வருஷம் நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். கொழுந்துப் பேச்சே பேசும் லயத்தில் அவர் ஒருவர்தான் மீன்கதை சொல்லுவார். "தட்டு காஞ்சிருக்கணும்டா. சொட்டுத் தண்ணி பட்டாலும் முட்டை முழிச்சிரும். அப்புறம் ஆண்மீன் பால ஊத்தி என்ன பிரயோசனம்?"

ட்ரவுட் நம் ஓடைகளின் மீனல்ல. தூண்டில் பித்துப் பிடித்த வெள்ளைத் துரைமார் 1880களில் முட்டையாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. பாசியில் பொதிந்து ஐஸில் வைத்தால் முட்டை கடல் தாண்டும் என்பதை 1864இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் சேர்ந்த 'நோர்ஃபோக்' கப்பல் காட்டியிருந்தது. ஹோர்டன் சமவெளி ஓடைகளில் வானவில் ட்ரவுட் தானாகவே பெருகியது. மற்ற இடங்களில் குஞ்சு பொரித்து விட வேண்டியிருந்தது. அதற்குத்தான் கொட்டகை.

பெண்மீனை ஈரம் போகத் துடைத்து வயிற்றைத் தடவுவார்களாம். ஆரஞ்சு மணிகள் தட்டில் உதிரும். மேலே ஆண்மீனின் பால், அதாவது விந்து. கோழி இறகால் மெதுவாகக் கலக்கி, கடைசியில்தான் தண்ணீர். இந்த உலர்முறையை 1856இல் கண்டுபிடித்தவர் ருஷ்யாவின் விராஸ்கி. ட்ரவுட் விந்தணு தண்ணீரில் நீந்துவது அரை நிமிஷம்தான். முட்டையோ தண்ணீர் பட்டதும் விந்தணு இல்லாமலே விழித்து, ஊதி, அது நுழையவேண்டிய ஒரே துளையையும் அடைத்துக்கொள்ளும். அப்படி விழித்த முட்டையில் குஞ்சு வளராது.

எல்லா உயிரும் இப்படியில்லை. 1910இல் பிரான்சின் பத்தாயோன் தவளை முட்டையை ரத்தம் தோய்ந்த ஊசியால் குத்தியே வளரவைத்தார். விழிக்கும்போது முட்டைக்குள் என்ன நடக்கிறது? 1977இல் ரிட்ஜ்வே, கில்கி, ஜாஃபி மூவரும் மெடாக்கா மீன்முட்டைக்குள் கால்சியம் பட்டால் ஒளிரும் புரதம் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார்கள். விந்தணு நுழைந்த இடத்தில் கிளம்பிய கால்சியம் அலை, முட்டையின் மறுகோடி வரை வெளிச்சமாக ஓடுவது மறுவருஷம் தெரிந்தது. பாலூட்டிகளில் அந்த அலையைக் கிளப்புவது எது? விந்தணு சுமந்துவரும் பிஎல்சி ஸீட்டா என்ற புரதம் என்று கார்டிஃப் ஆய்வாளர்கள் 2002இல் எலி முட்டையில் காட்டினார்கள். லயத்துக் கோழியின் முட்டைக்குள்ளோ ஒன்றல்ல, பல விந்தணுக்கள் நுழைகின்றன. தட்டுகிற கை வேறு வேறு. உள்ளே எழும்பும் கால்சியம் மட்டும் ஒன்றுதான்.

சில ஆண்களின் விந்தணுவில் அந்த பிஎல்சி ஸீட்டா குறைவு. ஊசியால் விந்தணுவை உள்ளே செலுத்தினாலும் முட்டை விழிக்காது. அப்போது மருத்துவர்கள் கால்சியத்தை ஏற்றும் மருந்தொன்றில் முட்டையைச் சற்றுநேரம் வைத்து எழுப்பிப் பார்க்கிறார்கள்.

இதைப் படித்த அன்று என் சின்னம்மா ஞாபகம் வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லை. பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றால்கூட 'மலடி' என்று காதில் விழும். சித்தப்பாவை ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை. ஒருநாள் அப்பாயியும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தாத்தா நிமிரவேயில்லை.

"கொட்டகையில முட்டை வெள்ளையாப் போனா, தட்டப் பாப்போம், தண்ணியப் பாப்போம், ஆண்மீனப் பாப்போம். பெண்மீன ஒருநாளும் ஏசினதில்ல."