ரெய்ட்: வட்டுகளின் அடுக்குமுறையும் அதன் மாற்றமும்

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1987இல் எழுதி, அடுத்த ஆண்டு சிகாகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் முன்வைத்த கட்டுரையிலிருந்தே 'ரெய்ட்' என்னும் பெயர் பரவியது. பெருங்கணினிகளுக்கென ஐபிஎம் செய்த 3380 போன்ற விலையுயர்ந்த பெருவட்டு ஒன்றுக்கு மாற்றாக, தனிக்கணினிகளுக்கான மலிவான சிறுவட்டுகள் பலவற்றை இணைத்தால் வேகமும் கொள்ளளவும் குறைந்த செலவில் கிடைக்கும் என்பது அவர்களது வாதம். அதிலுள்ள இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர்: சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி ஓடும் வட்டுகள் நூற்றைச் சேர்த்தால், அவற்றுள் ஒன்று சராசரியாக 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்துக்குள்ளேயே, பழுதாகிவிடும்.

ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதும் வழக்கம் டாண்டம் நிறுவனத்தின் கணினிகளில் முன்பே இருந்தது. பழுதான நினைவகத்தின் தரவைப் பிறவற்றிலிருந்து மீட்கும் முறைக்கு ஐபிஎம்மைச் சேர்ந்த நார்மன் ஔச்சி 1978இல் காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லி கட்டுரையின் அருமை, இத்தகைய முறைகளை ஐந்து நிலைகளாக வகுத்து, ஒவ்வொன்றும் எதை இழந்து எதைப் பெறுகிறது என்று ஒரே அளவுகோலால் அளந்ததில்தான் இருக்கிறது. முதல் நிலை முழுப்பிரதி. அதில் பாதிக் கொள்ளளவு பிரதிக்கே போய்விடும். ஐந்தாம் நிலையில் தரவு துண்டுகளாக எல்லா வட்டுகளிலும் பரவ, ஒவ்வொரு வரிசைத் துண்டுகளுக்கும் 'பாரிட்டி' எனப்படும் சரிபார்ப்புத் துண்டு ஒன்று, வட்டுக்கு வட்டு முறைவைத்து மாறி எழுதப்படுகிறது. ஒரே இடத்திலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை அது குறித்து வைப்பதால், ஒரு வட்டு அழிந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு அதன் தரவைக் கணித்துவிடலாம். காப்பு ஏதுமின்றித் துண்டுகளைப் பரப்ப மட்டும் செய்யும் முறை, சுழிய நிலை என்னும் பெயரைப் பின்னரே பெற்றது.

நிலையை மாற்றுவது ஏன் எளிதன்று என்பது இங்கே விளங்கும். இரண்டு வட்டுகள் கொண்ட பெட்டியில், முதல் நிலையின்படி ஆயிரமாவது துண்டு இரு வட்டுகளிலும் ஆயிரமாவது இடத்தில் இருக்கும். சுழிய நிலையிலோ அது ஒரே வட்டில், ஏறத்தாழ ஐந்நூறாவது இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே நிலை மாறியதும் கட்டுப்பாட்டுச் சில்லு புதிய கணக்கின்படி தேட, பழைய தரவு வட்டில் கிடந்தும் பொருளிழந்துவிடுகிறது. இதனாலேயே தரவு முழுவதையும் வேறிடத்துக்குப் படியெடுத்து, வட்டுகளைப் புதிதாக வகுத்து, மீண்டும் நிரப்புவதே நெடுங்காலம் நம்பத்தக்க வழியாக இருந்தது.

இந்தச் சுமையைக் குறைக்கும் முயற்சிகளுள் 1995இல் ஹியூலெட் பேக்கார்டு ஆய்வாளர்கள் விவரித்த ஆட்டோரெய்ட் சிறப்பிடம் பெறத்தக்கது. அடிக்கடி மாறும் தரவை முழுப்பிரதியிலும் மற்றதை ஐந்தாம் நிலையிலும் அதுவே இடம்பெயர்த்து வைத்தது. 2006இல் வெளிவந்த லினக்ஸ் கருநிரல் 2.6.17, ஐந்தாம் நிலைத் தொகுதி ஒன்றில் புதிய வட்டைச் சேர்த்து, தரவு இருந்தபடியே வரிசைகளை மறுபடி அடுக்க வழிசெய்தது. தொடக்க வரிசைகளில் புதிய எழுத்து பழையதன் மேலேயே விழும் என்பதால், அப்பகுதி மட்டும் முதலில் தனியே சேமிக்கப்பட்டது. இடையில் மின்சாரம் நின்றாலும் தரவு காக்கப்பட வேண்டும் என்ற அந்த அக்கறை பாராட்டுக்குரியது.

மேசைமேல் வைக்கும் வெளி வன்வட்டுப் பெட்டிகளோ பெரும்பாலும் இத்தகைய இடப்பெயர்ப்பைச் செய்வதில்லை. லசீ நிறுவனத்தின் இரட்டை வட்டுப் பெட்டிகள் சிலவற்றில் பின்புறச் சிறு திருகியைச் சுழற்றி நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆனால் உறுதிப்படுத்தும் பொத்தானைத் தனியே அழுத்தினாலன்றி மாற்றம் நிகழாது, நிகழ்ந்தபின் பெட்டி வெறுமையாகவே கணினிக்குத் தோன்றும்.