முதலில் குழந்தை திரும்பட்டும்

எல்லைக்கும் கடலுக்கும் நாடுகள் வழக்காடும் இடம் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம். 1958 நவம்பரில் அங்கே நெதர்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே தீர்ப்பானது ஒரு சிறுமியின் வழக்கு.

சிறுமி வாழ்ந்தது சுவீடனில். தாய் சுவீடன்காரர், இறந்துவிட்டார். அப்பா நெதர்லாந்துக்காரர் என்பதால் மகளும் அந்நாட்டுக் குடிமகளே. 1902ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைப்படி, காப்பாளர் விஷயத்தில் குழந்தையின் சொந்த நாட்டுச் சட்டமே செல்லும். அந்தத் தைரியத்தில் நெதர்லாந்து ஒரு காப்பாளரை நியமித்தது. நோர்ஷோப்பிங் நகரக் குழந்தைநல அதிகாரிகளோ, சிறுமி எங்கள் பாதுகாப்பில் இருக்கிறாள், விட முடியாது என்றார்கள். நீதிமன்றம் சுவீடன் பக்கம் சாய்ந்தது. காப்பாளர் சட்டம் வேறு, குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வேறு. இரண்டாவதை 1902 உடன்படிக்கை தடுக்கவில்லை என்றது.

பாஸ்போர்ட்டைப் பார்த்துக் குழந்தையின் கதியை முடிவு செய்யும் பழக்கம் அதன்பின் ஆட்டம் கண்டது. 1961இல் வந்த புதிய உடன்படிக்கை, குழந்தை வழக்கமாக வசிக்கும் நாட்டுக்கு முன்னுரிமை தந்தது. குடியுரிமைக்கும் ஓரமாக ஒரு கதவைத் திறந்தே வைத்தது.

ஆனால் பெற்றோரில் ஒருவரே குழந்தையோடு விமானம் ஏறிவிட்டால்? இறங்கிய ஊரில் ஒரு வக்கீலைப் பிடித்து, குழந்தை என்னிடம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கஸ்டடி மனு போடுவார்கள். விட்டுவந்த ஊரின் நீதிமன்றம் ஓர் உத்தரவு, இறங்கிய ஊரின் நீதிமன்றம் வேறோர் உத்தரவு. 1976இல் ஹேக் சர்வதேசத் தனியார் சட்ட மாநாட்டில் இந்தப் பிரச்சினையை எடுத்து வைத்தது கனடா. மாநாட்டுச் செயலகத்தைச் சேர்ந்த அமெரிக்கர் அடேர் டயர் அதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

ஒரு நாட்டுக் கஸ்டடி உத்தரவை இன்னொரு நாடு ஏற்கட்டும் என்பது ஒரு வழி. ஐரோப்பிய கவுன்சில் அந்த வழியில் போய் 1980 மே மாதம் லக்சம்பர்க்கில் உடன்படிக்கை முடித்தது. ஆனால் பலர் உத்தரவு வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்களே! ஹேக்கில் கூடியவர்கள் அதனால் வேறு கணக்குப் போட்டார்கள். குழந்தை யாருக்கு என்ற கேள்வியைத் தொடவே வேண்டாம். முதலில் குழந்தை தான் வசித்த நாட்டுக்குத் திரும்பட்டும், மிச்சத்தை அந்த ஊர் நீதிபதி பார்த்துக்கொள்வார். என் கணிப்பில், இப்படி ஒதுங்கி நின்றதுதான் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம். கஸ்டடி யாருக்கு என்பதில் எத்தனை நாடுகள் ஒத்துப்போயிருக்கும்?

1980 அக்டோபர் 25 தேதியிட்டுப் பிறந்த உடன்படிக்கை கனடா, பிரான்ஸ், போர்ச்சுகல் மூன்றையும் வைத்துக்கொண்டு 1983 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தை 16 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். ஆறு வாரத்தில் முடிவு சொல்லாவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். ஓராண்டு கழித்து மனு வந்தால், குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டதா என்றும் பார்க்கலாம். எது 'வழக்கமான வசிப்பிடம்' என்று மட்டும் உடன்படிக்கை எங்கும் சொல்லவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2020இல்தான், பெற்றோர் ஒப்பந்தம் இருந்தாக வேண்டியதில்லை, வழக்கின் எல்லாச் சூழலையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது.

இந்த உடன்படிக்கையை எழுதியவர்கள் மனத்தில் இருந்த ஆள், கஸ்டடி கிடைக்காத தகப்பன். நடைமுறையில் குழந்தையோடு போகிறவர்களில் பெரும்பாலோர் தாய்மார். அடி உதைக்குப் பயந்து ஓடிவருகிறவர்களும் அவர்களில் உண்டு. குழந்தைக்குக் கடும் ஆபத்து இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம் என்னும் 13ஆம் பிரிவுதான் அவர்களுக்கு இருக்கும் வாசல். அடிபட்டது தாய்தானே, குழந்தைக்கு என்ன ஆபத்து என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

இலங்கை 2001இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை, சட்ட ஆணையம் 2009இல் சேரச் சொல்லியும் நடக்கவில்லை. பிரிட்டனிலிருந்து கோவைக்கு வந்த குழந்தைகளின் வழக்கில் 2015இல் நம் உச்ச நீதிமன்றம், முதலில் உத்தரவிட்ட நீதிமன்றத்துக்கு மதிப்புத் தரவேண்டும் என்று அனுப்பிவைத்தது. இரண்டே ஆண்டில், 2017இல், பெரிய அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்க மறுத்தது: வெளிநாட்டு உத்தரவும் ஓர் அம்சம், அவ்வளவே, குழந்தையின் நலனே முக்கியம். இன்றும் இங்கே ஆட்கொணர்வு மனுவோடுதான் வழக்கு தொடங்குகிறது.