போக்குக் காட்டும் காலம்

அம்மாவுக்கு அப்போது 47 வயது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து ஹாலில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். நெஞ்சு படபடக்கிறது என்பார். வலது தோளைத் தூக்க முடியவில்லை என்பார். ஒரே வருடத்தில் மூன்று கிளினிக் ஏறி இறங்கினோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கடைசி டாக்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“மாதவிடாய் நின்னுடுச்சாம்மா?”

“இல்ல டாக்டர், வந்துகிட்டுதான் இருக்கு. முன்னபின்ன வருது.”

“அப்ப மெனோபாஸ் இல்ல. டென்ஷனா இருக்கும். ரெஸ்ட் எடுங்க.”

இரண்டு நாள் எம்.சி., ஒரு அட்டை பனடோல். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கேள்வியே தப்பு என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. அதற்காக அந்த டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது.

1821இல் சார்ல்ஸ் டி கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட நூலின் தலைப்பில் ‘மெனோபாஸ்’ என்ற சொல் இருந்தது. மாதம், நிற்பது என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்தது. பெயர் வைத்ததே முடிவுக்குத்தான். முடிவுக்கு முந்தைய வருடங்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. மலாயில் ‘புத்துஸ் ஹைட்’ என்கிறோம். புத்துஸ் என்றால் அறுந்துபோவது. தமிழில் ‘மாதவிடாய் நிறுத்தம்’. எல்லாமே கடைசி நாளைக் காட்டும் சொற்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சொல்லும் ‘கெங்நியேன்ச்சி’ கொஞ்சம் வேறு மாதிரி. அதே எழுத்துகளை ஜப்பானியர் ‘கோனென்கி’ என்று வாசிக்கிறார்கள். மாறுகிற வயதின் பருவம் என்று பொருள். அது ஒரு நாள் இல்லை, ஒரு காலம்.

அந்தக் காலத்தை ஐரோப்பாவில் யாருமே பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் 1857இல் இந்த வயதுப் பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தன்னிடம் வந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டு அட்டவணை போட்டவர். மாதவிடாய் ஒழுங்கு தவறும் வருடங்களை அவர் ‘டாட்ஜிங் டைம்’ என்றார். போக்குக் காட்டும் காலம் என்று தமிழில் சொல்லலாம். ரத்தம் வடிப்பது, அபின் கொடுப்பது என்று அவருடைய வைத்தியம் இன்றைக்குப் படித்தால் பயமாக இருக்கிறது. ஆனால் அவர் கேட்டு எழுதிக்கொண்டார். அதுதான் பிறகு தொலைந்துபோனது.

1929இல் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1942இல் அமெரிக்காவில் ‘பிரிமாரின்’ மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பமான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த மருந்து அது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், மெனோபாஸ் ஒரு ஹார்மோன் குறைபாட்டு நோய் என்று ஒரு புத்தகம் எழுதினார். அது அமோகமாக விற்றது. நின்றுபோனால் குறைபாடு, மாத்திரை போட்டால் சரி. கணக்கு சுலபமாக இருந்தது.

அந்தக் கணக்கில் அம்மா மாதிரி ஆட்களுக்கு இடமில்லை. பெரிமெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைந்துகொண்டே போவதில்லை. ஏறும், இறங்கும், சில நேரம் முன்பு இருந்ததைவிட அதிகமாகக்கூட ஏறும். எஞ்சினியரிங் படித்தவனுக்கு இது எளிதாகப் புரியும். இப்படி ஆடுகிற சிக்னலை ஒரே ஒரு தடவை அளந்து பார்த்து “நார்மல்” என்று எழுதினால் அந்த அளவுக்கு என்ன மதிப்பு? இன்னொரு சிக்கலும் உண்டு. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால்தான் மெனோபாஸ் என்பது விதி. அதாவது, நடந்து முடிந்து ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் அது நடந்தது என்றே தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1996இல் பெரிமெனோபாஸ் என்ற சொல்லுக்குத் தெளிவான வரையறை கொடுத்தது. 2001இல் அமெரிக்காவில் கூடிய ஓர் ஆய்வுக் குழு அந்தக் காலத்தைப் படிப்படியாகப் பிரித்தது. மாதவிடாய்ச் சுழற்சி 7 நாளோ அதற்கு மேலோ முன்பின்னாகத் தொடங்கினால் முதல் கட்டம். 60 நாள் இடைவெளி விழுந்தால் அடுத்த கட்டம். அம்மா சொன்ன “முன்னபின்ன வருது” என்பதே இந்த வரையறைக்குப் போதுமானது.

ஆனால் அடுத்த வருடமே எல்லாம் தலைகீழானது. 2002 ஜூலையில், 16,608 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஹார்மோன் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். மாத்திரை எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது தலைப்புச் செய்தியில் எடுபடவில்லை. டாக்டர்களும் பயந்தார்கள், பெண்களும் பயந்தார்கள். வேறு தடைகள் இல்லாத, 60 வயதுக்குட்பட்ட பெண்கள் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிடப் பயன் அதிகம் என்ற தெளிவு வர நீண்ட காலம் ஆனது.

எந்தப் பெண்களைக் கேட்டார்கள் என்பதும் முக்கியம். மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் ஜப்பானியப் பெண்களிடம் கேட்டபோது, உடல் திடீரென்று கொதிப்பதைவிடத் தோள்பட்டை இறுக்கத்தையும் தலைவலியையும்தான் அதிகம் சொன்னார்கள். அவருடைய நூல் 1993இல் வந்தது. 1990களில் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்வான்’ ஆய்வு ஐந்து இனக்குழுக்களைச் சேர்ந்த 3,302 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்தது. அடிக்கடி வரும் உடல்கொதிப்பும் இரவு வியர்வையும் பாதிப் பேருக்கு 7.4 வருடத்துக்கும் மேல் நீடித்ததாக 2015இல் எழுதினார்கள். அந்த ஐந்து குழுக்களில் நம் பெண்கள் இல்லை. சிங்கப்பூரில் சீன, மலாய், இந்தியப் பெண்களிடம் நடத்திய ஆய்வில் முதலிடத்தில் வந்தது மூட்டு, தசை வலி. அதைப் படித்தபோது அம்மாவின் வலது தோள்தான் நினைவுக்கு வந்தது.

2015இல் பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி ஒரு விஷயத்தைச் சொன்னது. 45 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால், பெரிமெனோபாஸ் என்று முடிவு செய்ய ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. அவர் சொல்வதைக் கேட்டாலே போதும். சுற்றிச் சுற்றி டில்டின் நாற்காலிக்கே வந்து சேர்ந்திருக்கிறோம், அபின் இல்லாமல்.

இதற்காக எல்லாவற்றையும் வயதின் மேல் போடச் சொல்லவில்லை. தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பார்க்க வேண்டும். ரத்தப்போக்கு வழக்கத்துக்கு மாறாக அதிகமானாலோ, நின்று ஒரு வருடம் கழித்துத் திரும்ப வந்தாலோ கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். ஆனால் “நின்னுடுச்சா?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. “மாதவிடாய் எப்படி வருது? முன்ன மாதிரி இருக்கா?” என்று கேட்டால் தொடரும்.

இதையெல்லாம் போன தீபாவளிக்கு அம்மாவிடம் சொன்னேன். “அப்பவே யாராச்சும் பேரு சொல்லியிருந்தா, எனக்கு என்னமோ ஆகப்போவுதுன்னு பயந்திருக்க மாட்டேன்” என்றார். பக்கத்தில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்தார். “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. உடம்புச் சூடுன்னு நெனச்சேன். விடியக்காலைல எப்படியும் பால்மரம் வெட்டப் போவணும், யார்கிட்ட போயி சொல்றது?”

அம்மா பாட்டியைத் திரும்பிப் பார்த்தார். “இத்தனை வருசத்துல என்கிட்டகூடச் சொல்லலையேம்மா.”

“நீ எங்க கேட்ட?” என்றார் பாட்டி.